82 குதிரைத்திறன் போதுமா? நம்ம ஊர் ரோட்டில் ஸ்விஃப்ட்

பழைய மாருதி ஸ்விஃப்ட் காரில் 90 குதிரைத்திறன், 2024-ல் வந்ததில் 82 தான், குறைத்துவிட்டார்களே என்று புலம்புகிறவர்கள் சாயங்காலம் நம்ம குமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்திலிருந்து தக்கலை வரை ஓட்டிப் பார்க்கட்டும். முன்னால் ரப்பர் தடி ஏற்றிய லாரி, பக்கத்தில் பஸ், மூன்றாவது கியரைத் தாண்ட வழியே இருக்காது. இழுவை (டார்க், அதாவது முறுக்குவிசை) 113-லிருந்து 112 நியூட்டன் மீட்டர், அவ்வளவுதான் வித்தியாசம். ஐந்து பேரோடு ஏசியும் போட்டு பேச்சிப்பாறை பக்கம் ஏறினால் இரண்டாவது கியருக்கு இறக்க வேண்டும், இறக்கினால் முனகாமல் ஏறுகிறது. ஆரல்வாய்மொழி தாண்டி லாரியை முந்தும்போது மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே யோசிக்கணும் (அங்கே அடிக்கிற காற்றுக்கு எந்த வண்டியானாலும் யோசிக்கத்தான் வேண்டும்). ஒரு ஷோரூமில் டர்போ வண்டியைத் தலையில் கட்டப் பார்த்தார்கள், 120 குதிரையாம். சரி, வாங்கி எங்கே ஓட்ட, வடசேரி சந்தை ரோட்டிலா?