மாதந்தோறும் 5-ஆம் தேதியா, 28 நாளா: திரும்ப வரும் வேலைகளுக்கு எந்தச் செயலி?

ஒரு மார்ச் 5-ஆம் தேதி அப்பாவின் போனுக்கு 28 நாள் ரீசார்ஜ் போட்டேன். கையோடு செயலியைத் திறந்து, 'அப்பா ரீசார்ஜ், மாதந்தோறும் 5-ஆம் தேதி' என்று பதிந்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஏப்ரல் 1 ராத்திரியோடு கெடு முடிந்துவிட்டது. மறுநாள் விடிந்ததிலிருந்து மாடு பருவத்துக்கு வந்து கத்திக்கொண்டே இருக்கிறது. சினை ஊசி போடுகிறவரைக் கூப்பிட அப்பாவின் போனில் அழைப்பு போகவில்லை. பக்கத்துத் தோட்டத்துப் பையனின் போனை வாங்கிப் பேசி, அவர் வந்து சேர்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. செயலி மேல் தப்பே இல்லை. சொன்னபடி 5-ஆம் தேதி காலையில் சரியாக மணியடித்தது.

அதற்கப்புறம்தான் இந்த 'ரிப்பீட்' பொத்தானை ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குக் காவேரிப்பட்டணத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை. வீட்டில் மூன்று கறவை மாடு, கொஞ்சம் பெங்களூரா மா. திரும்பத் திரும்ப வரும் வேலைக்குப் பஞ்சமில்லை. கூகுள் டாஸ்க்ஸ், மைக்ரோசாஃப்ட் டூ டூ, டூடூயிஸ்ட், டிக்டிக் என்று வேலைகளை ஞாபகப்படுத்தும் செயலிகள் நான்கையும் போனில் ஏற்றி, ஒரே வேலைகளை நான்கிலும் போட்டுப் பார்த்தேன். (டிக்டிக் என்றதும் 2020-ல் தடை செய்தார்களே, அந்த வீடியோ செயலியா என்று வீட்டில் கேட்டார்கள். அது வேறு, இது வேறு.) ஐந்தாவது போட்டியாளர் சமையலறைக் கதவோரம் ஆணியில் தொங்குகிறது: அம்மாவின் தினசரி காலண்டர்.

நிறம், அழகு, எழுத்து அளவு பற்றியெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: அடுத்த தடவையை இது எந்த நாளிலிருந்து எண்ணுகிறது?

முதலில் சுலபமானதை முடித்துவிடுகிறேன். தேதியோ கிழமையோ நகராத வேலைகளுக்கு நான்கும் ஒன்றுதான். காரிமங்கலம் சந்தை செவ்வாய்க்கிழமை, போச்சம்பள்ளி சந்தை ஞாயிற்றுக்கிழமை. வாரம் ஒருமுறை என்று போட்டால் போதும். ஜிஎஸ்டி 3பி என்கிற வரிக் கணக்கை மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு 20-ஆம் தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்கிற என்னைப் போன்ற தமிழ்நாட்டுக் கடைக்காரருக்கு 22. இதையும் எந்தச் செயலியும் தாங்கும். கெடு தேதிக்கு நான்கு நாள் முன்னால் தேதி போட்டுக்கொள்ளுங்கள். 22-ஆம் தேதி இணையதளத்தில் நிற்கும் வரிசை ஊருக்கே தெரியும்.

இந்த வகையில் கூகுள் டாஸ்க்ஸுக்கு நான் ஒரு மார்க் கூடுதலாகப் போடுவேன், காரணம் 'முடிவு' என்கிற பகுதி. 'எப்போதும்', 'இந்தத் தேதி வரை', 'இத்தனை முறைக்குப் பிறகு' என்று மூன்று வழி கொடுக்கிறது. 20 மாத ஏலச்சீட்டு கட்டுகிறவர் '20 முறைக்குப் பிறகு நிறுத்து' என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். சீட்டு முடிந்த பிறகும் மாதாமாதம் 'சீட்டுப் பணம்' என்று வந்து வயிற்றில் புளியைக் கரைக்காது. கூகுள் காலண்டரிலேயே அந்தந்த நாளில் வேலையும் தெரிகிறது. ஜிமெயில் வைத்திருப்பவர் புதிதாகக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம்.

மைக்ரோசாஃப்ட் டூ டூ இதே வேலையைக் கொஞ்சம் வேறு சுபாவத்தோடு செய்கிறது. வுண்டர்லிஸ்ட் என்ற பழைய செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கி, 2020 மே மாதம் அதை மூடி, ஆட்களை இதற்குத் திருப்பிவிட்டது. இதில் ஒரு வேலையை டிக் அடித்தால்தான் அடுத்தது பிறக்கும். நான்கு நாள் கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வந்தாலும் 'கல்லா கணக்கு எழுது' நான்காகக் குவிந்து நிற்காது. ஒன்றே ஒன்று, சிவப்புத் தேதியோடு நிற்கும். 'மை டே' பக்கம் நள்ளிரவில் தானே காலியாகிவிடும். காலையில் எழுந்து அன்றைக்கு முடிகிறதை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். கடைப் பையனோடு ஒரு பட்டியலைப் பகிர்ந்து வைத்திருக்கிறேன், காசு கேட்கவில்லை.

சரி, இனி ரீசார்ஜுக்கு வருவோம். இது பார்க்க மாத வேலை மாதிரி இருக்கும், ஆனால் வார வேலை. 28 நாள் என்பது மிகச் சரியாக 4 வாரம். 56 நாள் 8 வாரம், 84 நாள் 12 வாரம். புதன்கிழமை போட்டால் நான்காவது செவ்வாய் ராத்திரி முடியும், ஒவ்வொரு தடவையும் செவ்வாய்தான். ஆகவே 'மாதந்தோறும்' என்பதைத் தொடாதீர்கள். '4 வாரத்துக்கு ஒருமுறை, செவ்வாய்' என்று போடுங்கள். நான்கு செயலிகளிலும் இது முடியும். மாதக் கணக்கில் 12 என்று நினைத்துக்கொண்டிருக்கும் செலவு வருஷத்துக்கு 13 தடவை வருகிறது என்பதும் அப்போது கண்ணில் படும். 2022-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்ன பிறகு, 30 நாள் திட்டமும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற திட்டமும் ஒவ்வொன்றாவது நிறுவனங்கள் வைத்திருக்க வேண்டும். அந்த இரண்டாவது வகையை எடுத்தவர் மட்டும் 'மாதந்தோறும்' என்று போடலாம்.

இது வரைக்கும் போட்டியே இல்லை. மாட்டுக்கொட்டகைக்குள் போனால்தான் நான்கும் இரண்டு கட்சியாகப் பிரிகின்றன.

எங்கள் மாடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து கொடுக்கிறோம். ஒரு தடவை மழை, ஒரு தடவை சொந்தக்காரர் கல்யாணம் என்று தள்ளிப்போய், 20 நாள் கழித்துத்தான் கொடுத்தோம் என்று வையுங்கள். தேதியைப் பிடித்துக்கொண்டிருக்கும் செயலி அந்த 20 நாளைக் கணக்கிலேயே எடுக்காது. பழைய தேதியிலிருந்து மூன்று மாதம் எண்ணும். நமக்கு நடுவில் கிடைப்பது 70 நாள்தான். மருந்துக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது; கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும். வீட்டு ஆர்ஓ மெஷினுக்குப் ஃபில்டர் மாற்றுவதும் இப்படித்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தண்ணீரின் கதை எல்லாருக்கும் தெரியும். ஃபுளோரைடுக்குப் பயந்துதானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஃபில்டர் போட்ட நாள்தான் அதற்குப் பிறந்த நாள், காலண்டர் தேதி இல்லை.

கூகுள் டாஸ்க்ஸுக்கும் மைக்ரோசாஃப்ட் டூ டூவுக்கும் 'முடித்த நாளிலிருந்து எண்ணு' என்கிற அறிவு கிடையாது. இதில் வேடிக்கை, மைக்ரோசாஃப்டின் பழைய கம்ப்யூட்டர் அவுட்லுக்கில் இந்த வசதி இருந்தது: வேலை முடிந்து இத்தனை நாள் கழித்துப் புதியதை உண்டாக்கு என்று சொல்லலாம். தாத்தாவுக்குத் தெரிந்தது பேரனுக்குத் தெரியவில்லை.

டூடூயிஸ்டில் இதற்கு ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். இது 2007-லிருந்து இருக்கிற செயலி. தேதியை மெனுவில் தேடாமல் வாக்கியமாகவே எழுதலாம். ஆங்கிலத்தில் 'எவ்ரி 3 மன்த்ஸ்' என்று எழுதினால் தேதிக் கணக்கு. 'எவ்ரி' என்ற சொல்லோடு ஒட்டி ஓர் ஆச்சரியக்குறி போட்டால், டிக் அடித்த நாளிலிருந்து கணக்கு. நான் பார்த்ததிலேயே கெட்டிக்காரத்தனமான ஆச்சரியக்குறி இதுதான். எழுதப் பழகிவிட்டால் வேறு எதிலும் கை இவ்வளவு வேகமாக ஓடாது.

ஆனால் இதற்குத் தமிழில் தேதி புரியாது. வேலையின் பெயரைத் தமிழில் எழுதலாம், 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை' என்று எழுதினால் அதையும் பெயரோடு சேர்த்து வைத்துக்கொள்ளும். நம் ஆட்கள் செய்கிற மாதிரி ஆங்கில எழுத்தில் தமிழ் அடித்தால் இன்னொரு கூத்து: 'சண்டே சந்தை கறி' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன், 'சண்டே'யைப் பெயரிலிருந்து பிடுங்கித் தேதியாக்கிவிட்டது. இலவசக் கணக்கில் ஐந்து ப்ராஜெக்ட்தான். கடை, வீடு, மாடு, தோட்டம், வங்கி என்று எனக்கு மட்டுமட்டாகச் சரியாகிவிட்டது.

டிக்டிக் அதே விஷயத்தை மெனுவில் வைத்திருக்கிறது. ரிப்பீட் பகுதியில் 'கெடு தேதிப்படி', 'முடித்த தேதிப்படி' என்று இரண்டையும் காட்டி எது வேண்டும் என்று கேட்கும். ஆச்சரியக்குறியை மறக்கிறவர்களுக்கு இது பரவாயில்லை. இந்த ஒரு தடவை வேண்டாம், அடுத்ததுக்குத் தாவு என்று சொல்லவும் வழியிருக்கிறது. கல்யாண வாரத்தில் சந்தைக்குப் போகாததைப் 'போனேன்' என்று பொய் டிக் அடிக்க வேண்டியதில்லை.

முடித்த நாளிலிருந்து எண்ணுவதன் அருமை 21 நாள் கணக்கில்தான் தெரிந்தது. மாடு பருவத்துக்கு வருவது சுமார் 21 நாளுக்கு ஒருமுறை, 18-லிருந்து 24 வரை முன்பின் ஆகும். ஊசி போட்ட பிறகு அந்த நாட்களில் மறுபடி கத்துகிறதா என்று கவனிக்க வேண்டும். கத்தினால் சினை நிற்கவில்லை. சிவலைப் பசு 19-ஆம் நாளே கத்தியது. அன்றைக்கே டிக் அடித்தேன், அடுத்த 21 அங்கிருந்து புதிதாகத் தொடங்கியது. தேதியைப் பிடித்துத் தொங்கும் செயலியாக இருந்தால் இரண்டு நாள் பிசகு, அதற்கடுத்ததில் இன்னும் இரண்டு நாள் என்று கணக்கு கழன்றுகொண்டே போயிருக்கும். மூன்றாவது தடவை கத்தவில்லை. வேலையை அழித்துவிட்டு, டாக்டரிடம் காட்டச் சொல்லி மூன்று மாதம் தள்ளி ஒன்றை மட்டும் எழுதி வைத்தேன்.

அப்படியானால் எல்லாவற்றையும் முடித்த நாள் கணக்கிலேயே போட்டுவிடலாமே என்று தோன்றும். கூடாது. ரீசார்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். கெடுவுக்கு ஐந்து நாள் முன்னாலேயே பணம் கட்டினால் பெரும்பாலும் புதிய திட்டம் பழையது முடிந்த பிறகுதான் ஓட ஆரம்பிக்கும். கட்டிய நாளிலிருந்து 28 எண்ணினால் ஐந்து நாள் சும்மா போகும். ஜிஎஸ்டியை முடித்த நாள் கணக்கில் போட்டவர் ஒரு தடவை தாமதமாகக் கட்டினால், அடுத்த தாமதத்தையும் செயலியே ஏற்பாடு செய்து கொடுத்துவிடும்.

இன்னொரு பள்ளம் மாதக் கடைசி. கடை வாடகைக்கு 'மாதந்தோறும் 31' என்று கூகுள் காலண்டரில் போட்டீர்களானால், 31 இல்லாத மாதங்களை அது தாண்டிப் போய்விடும். வருஷத்துக்கு ஏழு தடவைதான் ஞாபகப்படுத்தும். இது பிழையில்லை. காலண்டர் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 2009-ல் வெளியான ஐகேலண்டர் பொது விதியே, இல்லாத தேதியை விட்டுவிடு என்கிறது. கூகுள் காலண்டர் அதன்படி நடக்கிறது. டூடூயிஸ்டில் 'எவ்ரி லாஸ்ட் டே' என்று எழுதினால் மாதக் கடைசி நாளைப் பிடித்துக்கொள்ளும். மற்றதில் 28 என்று போட்டுவிட்டுச் சும்மா இருங்கள்.

அமாவாசையில் நான்கும் தோற்றன. கடைக்குப் பூசணிக்காய் சுற்ற அமாவாசை, அம்மா விரதமிருக்கக் கிருத்திகை. அமாவாசைக்கும் அமாவாசைக்கும் நடுவே சராசரியாக 29.53 நாள். 29 நாளுக்கு ஒருமுறை என்று போட்டால் வருஷக் கடைசியில் ஆறேழு நாள் முன்னால் போய் நிற்கும். 30 என்று போட்டால் கிட்டத்தட்ட ஆறு நாள் பின்னால் நிற்கும். பஞ்சாங்கம் இந்த நான்கில் எதற்கும் தெரியாது. டிக்டிக்கில் மட்டும் குறிப்பிட்ட தேதிகளைப் பொறுக்கி ஒரே வேலையாக வைக்க முடிகிறது. ஜனவரியில் புதுக் காலண்டர் வந்ததும் அம்மா ஒவ்வொரு தாளாகத் தூக்கித் தேதியைச் சொல்ல, நான் பதிந்துகொள்கிறேன்.

"அதுல போட்டாத்தான் அமாவாச வருமா கண்ணு?" என்று கேட்டுக்கொண்டேதான் சொல்வார்.

அந்தக் காலண்டரைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அது மணியடிக்காது, கடையிலிருந்து பார்க்க முடியாது. ஆனால் தினமும் தாளைக் கிழிக்கப் போய்த்தான் ஆக வேண்டும் என்பதால், பார்க்காமல் விடுகிற நாள் கிடையாது. என் போனோ பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று செயலியைத் தூங்க வைத்து, இரண்டு நாள் ஒரு மணியும் அடிக்காமல் இருந்தது. அமைப்புகளுக்குள் போய், பேட்டரிக் கட்டுப்பாட்டிலிருந்து அந்தச் செயலிக்கு விலக்குக் கொடுத்த பிறகுதான் பேசியது. எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதை முதல் நாளே செய்துவிடுங்கள். காஸ் சிலிண்டர் மாற்றிய நாளை அம்மா தாளின் ஓரத்தில் எழுதி, அந்தத் தாளை மட்டும் கிழித்து டப்பாவில் போட்டு வைப்பார். முடித்த நாள் கணக்கு எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை.

இப்போது கடைக் கணக்கு, சீட்டு, ஜிஎஸ்டி எல்லாம் கூகுள் டாஸ்க்ஸில். மாடும் ஃபில்டரும் அமாவாசையும் டிக்டிக்கில். வேகமாக எழுதுகிறவராக இருந்து ஆங்கிலமும் கைக்கு வந்தால் இதற்குப் பதில் டூடூயிஸ்டை எடுத்துக்கொள்ளலாம். அமாவாசை மட்டும் அங்கே கஷ்டம். மைக்ரோசாஃப்ட் டூ டூவைக் கடைப் பையனுக்காக மட்டும் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு 84 நாள் திட்டமாக மாற்றிவிட்டேன். 12 வாரம் தள்ளி வருகிற திங்கட்கிழமை, ராத்திரி 8 மணி என்று செயலியில் இருக்கிறது. அம்மாவும் கனமான தாள்கட்டைத் தூக்கி, அதே திங்கட்கிழமைத் தாளின் மூலையை மடித்து வைத்திருக்கிறார்.