சென்னை நிகழ்ச்சிகளுக்கான வழிகாட்டித் தளம்: மறுவடிவமைப்புக்குப் பிந்தைய ஓராண்டு அனுபவம்

சென்னையில் இன்று எங்கே என்ன நடக்கிறது என்று சொல்லும் இணையதளம் ஒன்றை அதன் பழைய வடிவிலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். கச்சேரி, நாடகம், ஓவியக் கண்காட்சி, உபன்யாசம், நூல் வெளியீடு, குழந்தைகளுக்கான பட்டறை என எல்லாவற்றையும் ஓரிடத்தில் தரும் அந்தத் தளம் முழுமையாக மாற்றியமைக்கப்பட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. மார்கழியும் புத்தகக் காட்சியும் கோடை விடுமுறையும் ஒரு சுற்று வந்து போன பிறகுதான் இப்படிப்பட்ட தளத்தைப் பற்றி நியாயமாகப் பேச முடியும் என்பதால் இவ்வளவு காலம் பொறுத்திருந்து எழுதுகிறேன். கைபேசியில் பார்ப்பதும் நுழைவுச்சீட்டு வாங்குவதும் எளிதாகியிருக்கின்றன; ஆனால் நமக்குத் தெரியாத ஒரு நிகழ்ச்சியை நம் கண்ணில் படவைக்கும் வேலையில், அதாவது தளம் எதற்காகத் தொடங்கப்பட்டதோ அதில், அது பின்தங்கிவிட்டது.

பழைய முகப்பு ஒரு நாட்காட்டியாக இருந்தது. தேதியைத் தொட்டால் அன்றைய நிகழ்ச்சிகள் நேர வரிசையில், ஒவ்வொன்றும் ஒற்றை வரியில் வந்து நிற்கும். இப்போது அந்த இடத்தில் பெரிய படங்கள் கொண்ட அட்டைகள் இருக்கின்றன. இதன் விளைவு டிசம்பர் இசை விழாவின்போது முழுதாகத் தெரிந்தது. காலை எட்டு மணிக்கு மியூசிக் அகாடமியில் விளக்கவுரை, நண்பகலில் வேறொரு சபாவில் இளம் பாடகர் ஒருவரின் இலவசக் கச்சேரி, மாலையில் நாரத கான சபாவிலோ கிருஷ்ண கான சபாவிலோ முக்கியக் கச்சேரி என்று ஒரு நாளைத் திட்டமிடும் ரசிகருக்கு முழு நாளும் ஒரே பார்வையில் விரிய வேண்டும். கைபேசித் திரையில் ஒரு நேரத்தில் இரண்டு அட்டைகள்தாம் தெரிகின்றன என்னும்போது, மேலும் கீழும் தள்ளித் தள்ளி நேரங்களை மனத்தில் வைத்துக்கொண்டே ஒப்பிட வேண்டியிருக்கிறது. அட்டையில் பாடுபவரின் படமும் கட்டணமும் மட்டுமே உள்ளன. வயலின் யார், மிருதங்கம் யார் என்று அறிய ஒவ்வோர் அட்டையையும் திறந்தாக வேண்டும். பக்கவாத்தியம் பார்த்துக் கச்சேரியைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த ஊரில் ஏராளம். பழைய தளத்தின் அந்த ஒற்றை வரியில் அவர்கள் பெயர்களும் இருந்தன என்பதை நினைத்தால் வருத்தமாகவே இருக்கிறது. பலரும் கேட்டுக்கொண்ட பிறகு பட்டியல் வடிவம் திரும்பக் கிடைத்தது; ஆயினும் தளம் அந்தத் தேர்வை நினைவில் வைத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

'எனக்கு அருகில்' என்ற புதிய வசதி பொதுவாக நன்றாக வேலை செய்கிறது. தூரத்தை நேர்கோட்டில் அளப்பதுதான் அதன் குறை. அடையாறு முகத்துவாரத்தின் குறுக்கே இருந்த பாலம் 1977-இல் இடிந்துபோனது. அதன் பின் பெசன்ட் நகரிலிருந்து பட்டினப்பாக்கம் போக வேண்டுமானால் திரு.வி.க. பாலம் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தளமோ அக்கரையில் நடப்பதைக் கூப்பிடு தூரத்தில் இருப்பதாகக் காட்டுகிறது.

இதைவிட முக்கியமான குறை, இடங்களின் விடுமுறை நாட்களைத் தளம் அறியாமல் இருப்பது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமையும் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய்க்கிழமையும் விடுமுறை. 'இன்று எங்கே போகலாம்' என்ற பகுதி இவ்விரண்டையும் அந்தந்த நாளிலேயே பரிந்துரைத்ததைப் பார்த்திருக்கிறேன். வெளியூரிலிருந்து குழந்தைகளோடு வந்தவர்கள் அதை நம்பி வெயிலில் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பார்களே என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. நள்ளிரவைக் கடந்து நீளும் நிகழ்ச்சிகளிலும் இதே அக்கறைக் குறைவு தெரிகிறது. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடலோரமாக நடக்கிறார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் செல்லலாம். வெள்ளி இரவு புறப்படும் அந்த நடை சனிக்கிழமை விடியலுக்கு முன் முடிவதால், புதிய தளம் அதைச் சனிக்கிழமைக் கணக்கில் வைத்துவிடுகிறது. வெள்ளி மாலை தேடுகிறவருக்கு அது தென்படாது. சனிக்கிழமை பார்த்துப் போகிறவர் ஒரு நாள் பிந்தியிருப்பார்.

தேடல் நன்றாக மேம்பட்டிருக்கிறது: திருவல்லிக்கேணி என்றாலும் ட்ரிப்ளிகேன் என்றாலும் ஒரே முடிவுகள் வருகின்றன. பக்கங்கள் விரைவாகத் திறக்கின்றன, நினைவூட்டல்கள் தவறாமல் வருகின்றன.

மறுவடிவமைப்புக்குப் பிறகு தளத்தில் சிறிய நிகழ்ச்சிகள் குறைந்துபோயின; அதற்குக் காரணம் எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை. எங்கள் பகுதி நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தைப் பதிவு செய்ய முயன்றபோதுதான் புரிந்தது. அகலவாட்டில் ஒரு படம் கட்டாயம், நுழைவுச்சீட்டு இணைப்பு கட்டாயம், கட்டணத்தில் சுழியம் ஏற்கப்படாது. கோயில் மண்டபத்தில் நடக்கும் உபன்யாசத்துக்கு அச்சடித்த நோட்டீஸ் மட்டும்தான் இருக்கும். அதை ஒட்டும் அன்பர் இந்தப் படிவத்தைப் பார்த்தவுடன் விலகிவிடுவார். பழைய தளத்தில் பெயர், இடம், நேரம், தொலைபேசி எண் என்ற நான்கு கட்டங்களே இருந்தன. தளத்தினருக்கு இதை விரிவாக எழுதினேன், வேறு சிலரும் எழுதியிருக்கிறார்கள். அண்மையில் படமும் இணைப்பும் கட்டாயமில்லை என்று மாற்றியிருக்கிறார்கள், 'கட்டணமில்லை' என்ற தேர்வும் வந்திருக்கிறது. அதிலிருந்து வாசகர் வட்டங்களும் உபன்யாசங்களும் மெல்லத் திரும்பி வரத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் 'பரிந்துரைக்கப்பட்டவை' என்ற வரிசையில் சீட்டு விற்பனை உள்ளவையே முன்னால் நிற்பதால், இவற்றைப் பார்க்க விரும்புகிறவர்கள் வரிசை முறையை 'தொடங்கும் நேரம்' என்று மாற்றிக்கொள்வது நல்லது; அந்தப் பொத்தான் வடிகட்டிகளுக்குள் கடைசியாக இருக்கிறது.