தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி: என் 11 வருட இன்சுலின்

மாத்திரைக்கு சுகர் அடங்காமல் போய் இன்சுலினுக்கு மாறி 11 வருடம் ஆகிறது. முதல் ஆறு வருடம் குப்பியும் சிரிஞ்சும், அப்புறம் பேனா வடிவ ஊசி. மருந்து 30/70 கலவை: சீக்கிரம் வேலை செய்யும் ரெகுலர் 30 பங்கு, நிதானமாக இழுக்கும் என்பிஹெச் 70 பங்கு. காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். கலங்கலாகத்தான் இருக்கும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டணும், குலுக்கக் கூடாது.

சிரிஞ்ச் காலத்தில் ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தேன். கொண்டுபோன சிரிஞ்ச் தீர்ந்ததும் அங்கே ஒரு மருந்துக்கடையில் வாங்கினேன். ஆரஞ்சு மூடி. என் குப்பி மில்லிக்கு 40 யூனிட்; அதற்கு சிவப்பு மூடி சிரிஞ்ச்தான் சரி. ஆரஞ்சு, 100 யூனிட் குப்பிக்கானது. வழக்கம்போல 20 கோடு வரை இழுத்துப் போட்டேன். உடம்புக்குள் போனது 8 யூனிட். மூன்று நாள் சுகர் 300-க்குக் கீழே இறங்கவில்லை, நான் பந்தியில் சாப்பிட்ட ஜாங்கிரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். தலைகீழாக, 100 குப்பியில் சிவப்பு மூடியால் இழுத்திருந்தால் 20-க்குப் பதில் 50 யூனிட் ஏறியிருக்கும். இதை எழுத ஆள் இருந்திருக்க மாட்டான்.

பேனாவில் இந்தக் கணக்குத் தொல்லை இல்லை. ஊசி மாட்டியதும் 2 யூனிட் வெளியே விட்டு, நுனியில் சொட்டு வருகிறதா பார்ப்பேன். அழுத்திய பிறகு பத்து எண்ணித்தான் எடுப்பேன். ஆனால் என் பெரிய தப்பு பேனாவில்தான் நடந்தது.

தொப்புளுக்கு வலப்பக்கம் இரண்டு விரல் தள்ளி ஒரு இடம். அங்கே போட்டால் வலிக்காது. தினமும் அங்கேயேதான். காசை மிச்சம் பிடிக்க ஒரே ஊசியை நாலைந்து தடவை ஓட்டினேன். இரவு டோஸ் 20-லிருந்து மெல்ல மெல்ல 30-க்கு ஏறியது. செக்கப்பில் நர்ஸ் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், தினமும் இங்கேயேவா போடுறீங்க?"

"அங்கேதான் சிஸ்டர் வலிக்கறதில்லை."

"எப்படி வலிக்கும்? கொழுப்பு கட்டி தட்டிப்போயிருக்கு. மருந்து சரியா ரத்தத்துல சேராது."

எலுமிச்சங்காயை தோலுக்கு அடியில் வைத்த மாதிரி இருந்தது. புது இடத்தில் மருந்து நன்றாகச் சேரும் என்று டாக்டர் டோஸை 24 ஆகக் குறைத்தார். அப்படியும் மூன்றாம் நாள் இரவு 2 மணிக்கு, "என்னங்க, சட்டையெல்லாம் நனைஞ்சிருக்கு" என்று மனைவி எழுப்பினாள். மீட்டரில் 58. கைக்கு எட்டிய கடலைமிட்டாயை எடுத்தேன். அவள் பிடுங்கிவிட்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். அவள் செய்ததுதான் சரி. கடலையில் எண்ணெய், சர்க்கரை ரத்தத்தில் ஏற நேரமாகும். கால் மணி நேரம் கழித்து 84. டோஸ் இன்னும் குறைந்தது.

இரண்டு வருடமாக இரவில் நாள் முழுக்க நிதானமாக இழுக்கும் கிளார்ஜின், சாப்பாட்டுக்குச் சட்டென்று வேலை செய்யும் அஸ்பார்ட். இரண்டும் தண்ணீர் மாதிரி தெளிவு. படுக்கும்போது மாற்றிப் போட்டால் தூக்கத்திலேயே சுகர் விழுந்துவிடும். அதனால் அஸ்பார்ட் பேனா சாப்பாட்டு மேஜையை விட்டு நகராது. கிளார்ஜின் கட்டில் பக்கம், மேலே ரப்பர் பேண்ட் சுற்றி. திறந்த தேதியை பிளாஸ்திரியில் எழுதி ஒட்டுவேன். 28 நாளானால் மிச்சம் இருந்தாலும் குப்பைக்கு. சித்திரை வெயிலில் இரண்டுமே அதனதன் இடத்திலேயே ஈரமணல் போட்ட தனித்தனி மண்சட்டிக்கு, பிளாஸ்டிக் டப்பாவுக்குள். திறக்காதது ஃபிரிட்ஜில், ஃபிரீஸர் பக்கம் போகாமல்.

இப்போது வயிற்றை நாலு பாகமாகப் பிரித்து வாரத்துக்கு ஒன்று, போன ஊசியிலிருந்து ஒரு விரல் தள்ளி. பழைய கட்டி பாதிக்கு மேல் கரைந்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் சட்டையைத் தூக்கினால் மட்டும், விரல் இன்னும் நேராக அங்கேதான் போகிறது.