குரல் எங்கே நிற்கும்? விண்டோஸ் 10-ஐ விட்டு நகரும் வழிகள்: ஒரு பார்வையற்றவரின் ஒப்பீடு

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. அந்தத் தேதியை ஒட்டி நண்பர்களிடமிருந்து எனக்கு வந்த அழைப்புகள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் தொடங்கின: "விண்டோஸ் பதினொன்றுக்குப் போகலாமா, இல்ல இருக்கிறதுலயே இருந்துடலாமா?" கேட்டவர்கள் எல்லாரும் என்னைப் போல, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானை வைத்துக் கணினி பயன்படுத்துகிறவர்கள்.

யூடியூபில் கிடைக்கும் ஒப்பீடுகள் இதற்கு உதவுவதில்லை. அவை வேகம், தோற்றம், விளையாட்டு என்று போய்விடுகின்றன. எனக்கு வேண்டியது வேறு கணக்கு. என்விடிஏ, ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்கள் இயங்குதளத்தின் மேல் ஓடும் மென்பொருள்கள். அடியில் இருப்பதையே கழற்றி மாட்டும்போது மேலே பேசிக்கொண்டிருப்பதும் வாயை மூடிவிடும். எந்த வழியில் போனால் குரல் எங்கே நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும், அந்த நேரத்தில் ஏதாவது தப்பாக அழுத்தினால் எதை இழப்பேன் என்பதை வைத்துத்தான் நான் ஒவ்வொன்றையும் எடைபோடுகிறேன்.

இருந்த இடத்திலேயே இருப்பது

இதில் குரல் நிற்கவே நிற்காது. வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகள் என்று ஒரு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் கொடுத்தது. கணினியின் அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் இலவசம். இல்லையென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள், அல்லது 30 டாலர். சேர்வதற்கான இணைப்பு விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே வந்தது. சாதாரண இணைப்புதான், டேப் அடித்துப் போய் என்டர் தட்டினால் முடிந்தது.

"என்விடிஏ விண்டோஸ் 10-ஐக் கைவிட்டுவிட்டால்?" என்று பயப்படுகிறவர்களுக்கு விண்டோஸ் 7-இன் கதையைச் சொல்வேன். அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-இல் நிறுத்தியது. என்விடிஏ அதற்குப் பிறகும் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அதில் ஓடியது. 2024.1 பதிப்புதான் விண்டோஸ் 8.1-க்குக் கீழே இருந்தவற்றைக் கைவிட்டது. அதற்கு முன்பே, 2023 தொடக்கத்தில், குரோம் உலாவி விண்டோஸ் 7-ஐ விட்டுப் போய்விட்டது. நம்மை முதலில் கைவிட்டது உலாவிதான், திரைவாசிப்பான் இல்லை. உலாவி பழசானால் வங்கித் தளம் திறக்காது, ரயில் டிக்கெட் பக்கம் பாதியில் நிற்கும். குரல் நன்றாகவே பேசும், ஆனால் பேசுவதற்குப் பக்கம் இருக்காது. அதனால் இந்த வழியை ஓர் ஆண்டு அவகாசம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

மேலேயே ஏற்றுவது

விண்டோஸ் 10-இன் மேலேயே 11-ஐ ஏற்றினால் கோப்புகள், என்விடிஏ, அதன் ஆட்-ஆன்கள், தமிழ்க் குரல் எல்லாம் இருந்தபடி இருக்கும். என் முதல் தேர்வு இதுதான்.

தடை பணமில்லை, வன்பொருள். 2016 ஜூலை 29-இல் விண்டோஸ் 10-க்கான இலவச மேம்படுத்தல் மற்றவர்களுக்கு முடிந்தபோது, உதவித் தொழில்நுட்பம் பயன்படுத்துகிறவர்களுக்கு மட்டும் 2017 முடியும்வரை கதவு திறந்திருந்தது. இப்போது இலவசம் எல்லாருக்கும் உண்டு. ஆனால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லு, செக்யூர் பூட் என்கிற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், பெரும்பாலும் இன்டெல் 8-ஆம் தலைமுறை அல்லது ஏஎம்டி ரைசன் 2000 வரிசை, இல்லையென்றால் அவற்றுக்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். இதைச் சரிபார்க்க மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் போதும். விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் அமைப்பில் டிபிஎம் அணைக்கப்பட்டிருந்தால்தான் சிக்கல். பயாஸ் திரை நம்மோடு பேசாது. பார்வையுள்ள ஒருவர் பக்கத்தில் இருந்து அதை இயக்கித் தரவேண்டும். அதற்கு முன், வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைத்துவிடுங்கள். பயாஸில் கைவைத்த பிறகு கணினி அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கக்கூடும். கேட்கும் திரையும் ஊமைதான்.

மேம்படுத்தலின் முதல் பாதி ஒரு சாதாரண ஜன்னலில் ஓடும். எத்தனை சதவீதம் என்று என்விடிஏ சொல்லிக்கொண்டே வரும். அப்புறம் கணினி தன்னைத்தானே அணைத்துப் போட்டுக்கொள்ளத் தொடங்கும். அங்கேதான் அமைதி. பார்வையுள்ளவர்களுக்கு ஒரு வட்டமும் எண்ணும் தெரிகின்றன. நமக்கு விசிறிச் சத்தம் மட்டும். முதல் தடவை அந்த அமைதி என்னைப் படாதபாடு படுத்தியது. முக்கால் மணி நேரம் காத்திருந்து, கணினி செத்துவிட்டது என்று முடிவுகட்டி பவர் பட்டனில் விரல் வைத்துவிட்டேன். நல்லவேளை, அக்கா மகன் அப்போதுதான் உள்ளே வந்தான். "மாமா, கை எடுங்க! எழுபத்தி ரெண்டு பர்சென்ட்ல ஓடிட்டிருக்கு" என்றான். அந்த ஒரு வரி கிடைக்காமல் தனியாக உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் அந்தப் பட்டனை அழுத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது. சதவீதத்தைக் காட்டத் தெரிந்த நிறுவனத்துக்கு அதை ஒரு 'பீப்' ஒலியாகவாவது கேட்கவைக்க முடியாதா?

இப்போது நான் ஆளுக்காகக் காத்திருப்பதில்லை. போனில் சீயிங் ஏஐ அல்லது கூகுள் லுக்அவுட்டைத் திறந்து திரைக்கு நேரே பிடித்தால் எண்ணைப் படித்துவிடுகிறது. படிக்கத் திணறினால் பி மை ஐஸ் வழியாக ஒரு தன்னார்வலரை அழைக்கலாம். விண்டோஸ் 11-இல் இன்னொரு நல்லது: கணினி தொடங்கும்போது ஒலிக்கும் இசை திரும்பி வந்திருக்கிறது. விண்டோஸ் 10-இல் அது இயல்பாக அணைக்கப்பட்டிருந்தது. மற்றவர்களுக்கு அது அலங்காரம். எனக்கு அது "வந்து சேர்ந்துவிட்டேன்" என்கிற தகவல்.

அந்த இசை வந்த பிறகும் பேச்சு வரவில்லை என்றால் விண்டோஸ் + கண்ட்ரோல் + என்டர் அழுத்துங்கள். விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் திரைவாசிப்பானான நரேட்டர் எழுந்துகொள்ளும். தனியுரிமை பற்றிய ஒரு பக்கம் உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கலாம். நரேட்டரும் பேசவில்லையா? ஒலி டிரைவர் கழன்றிருக்கலாம், அல்லது ஒலி எச்டிஎம்ஐ வழியாக மானிட்டருக்குப் போயிருக்கலாம். இதற்கு யுஎஸ்பி ஹெட்செட்டைவிட நல்ல மருந்து நான் கண்டதில்லை. அதற்குத் தனி டிரைவர் தேவையில்லை. செருகினால் விண்டோஸ் தன்னிடம் உள்ளதை வைத்தே அதைப் பேசவைத்துவிடும். சில நூறு ரூபாய்தான். அதோடு நிறுவாமலே ஓடும் என்விடிஏவின் போர்ட்டபிள் பிரதி ஒன்றைப் பென்டிரைவில் போட்டு வைத்துக்கொண்டால் பாதிப் பயம் போய்விடும். பிடிக்கவில்லை என்றால் 10 நாட்களுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம்.

துடைத்துவிட்டுப் புதிதாக நிறுவுவது

கணினி மந்தமாகிவிட்டால் கடைக்காரர்கள் முதலில் சொல்வது, "ஃபார்மட் பண்ணிடலாம் சார்." ஒருமுறை சரி என்று கொடுத்தேன். மாலையில் திரும்பி வந்த மடிக்கணினி கல்லைப் போல இருந்தது. என்விடிஏ இல்லை, தமிழ்க் குரல் இல்லை, ஒலி டிரைவரும் போடவில்லை. "திரையில் எல்லாம் நல்லா வருதே சார்" என்றார் அந்தத் தம்பி. அவருக்கு எல்லாம் வந்திருந்தது. எனக்கு அது பேசாத ஒரு பெட்டி. அன்றிலிருந்து இந்த வேலையைக் கடையில் கொடுப்பதில்லை.

நாமே செய்ய முடியுமா? முடியும். நிறுவும் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கியதும் விண்டோஸ் + கண்ட்ரோல் + என்டர் அழுத்தினால் நரேட்டர் பேசும். 2017-இல் வந்த விண்டோஸ் 10 பதிப்புகளிலிருந்து இந்த வசதி இருக்கிறது. ஆனால் அந்த இடத்துக்குப் போய்ச் சேரத் திறக்கவேண்டிய பூட் மெனு, அதாவது எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும் பட்டியல், பேசாது. அதற்கு ஒரு சுற்றுவழி உண்டு. விண்டோஸின் நிறுவல் கோப்புகள் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பை, ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸுக்குள்ளேயே திறந்து, அதிலுள்ள செட்அப்பை இயக்கி, எதை வைத்துக்கொள்வது என்று கேட்கும் இடத்தில் 'எதுவும் வேண்டாம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தேர்வுகள் எல்லாவற்றையும் உங்கள் பழகிய குரலே படித்துச் சொல்லும். பூட் மெனு குறுக்கே வராது. பென்டிரைவ் வழியில் வரும் பார்ட்டிஷன் (வட்டின் பகுதிகள்) பட்டியலிலிருந்தும் தப்பலாம். அந்தப் பட்டியலில் ஒரு வரி தவறிக் கீழே போனால் பத்து வருடப் புகைப்படங்கள் போகும்.

செலவு பிறகுதான் தெரியும். என்விடிஏவை மீண்டும் நிறுவி, கடவுச்சொல் திரையிலும் பேசும்படி அமைக்கவேண்டும். பேச்சு அமைப்புகளுக்குப் போய் 'வள்ளுவர்' என்கிற தமிழ்க் குரலைப் பதிவிறக்கவேண்டும். அதுவரை தமிழைப் படிக்க என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக்கின் கரகரப்புதான் துணை. ஜாஸ் வைத்திருப்பவர்கள் உரிமச் சாவியை மீண்டும் செயல்படுத்தவேண்டியிருக்கலாம்; அதற்கு எண்ணிக்கை வரம்பு உண்டு. ஆக மேலேயே ஏற்றுவதற்கு ஒரு பொழுது போனால், இதற்கு இரண்டு நாள் போகும்.

போய்ச் சேர்ந்த பிறகு

பத்துக்கும் பதினொன்றுக்கும் அன்றாட வித்தியாசம் பயந்த அளவுக்கு இல்லை. விண்டோஸ் விசையைத் தட்டி மென்பொருளின் பெயரை எழுதித் திறக்கிறவருக்கு ஸ்டார்ட் மெனு இடப்பக்கம் இருந்தால் என்ன, நடுவில் இருந்தால் என்ன. உறுத்துவது கோப்பின் மேல் வரும் மெனு. வெட்டு, நகலெடு, பெயர்மாற்று எல்லாம் ஒரு வரிசைச் சின்னங்களாகிவிட்டன. மீதியில் பல 'மேலும் காட்டு' என்பதற்குள் ஒளிந்துகொண்டன. அப்ளிகேஷன் விசைக்குப் பதிலாக ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினால் பழைய முழு மெனு நேராக வரும். இதை ஒருவருக்குச் சொல்லிக் கொடுத்தபோது அவர் விட்ட பெருமூச்சு போனிலேயே கேட்டது. நோட்பேட் முன்பு திறந்திருந்ததையே மீண்டும் திறக்கிறது. வெற்றுப் பக்கம் என்று நினைத்துத் தட்டத் தொடங்கினால் நேற்றைய குறிப்பின் நடுவில் போய் எழுத்து விழும். அமைப்பில் அதை மாற்றிக்கொள்ளலாம்.

வருத்தம் ஒன்று உண்டு. விண்டோஸோடு வந்த எளிய மெயில் செயலிக்கான ஆதரவு 2024 டிசம்பர் 31-இல் முடிந்தது. பத்திலேயே இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது. நான் தண்டர்பேர்டுக்கு மாறிவிட்டேன்.

லினக்ஸ், மேக், குறுக்குவழி

டிபிஎம் இல்லாத பழைய கணினிக்கு லினக்ஸ் என்கிற இயங்குதளம் உண்மையான மாற்று. நிறுவும் கட்டத்தில் குரல் என்று பார்த்தால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் எல்லாரையும் முந்துகிறது. பூட் மெனு வந்ததும் 'பீப்' அடிக்கும். எஸ் எழுத்தைத் தட்டி என்டர் அழுத்தினால் நிறுவல் முழுவதும் பேச்சோடு நடக்கும். கோடிக்கணக்கான டாலர் நிறுவனத்திடம் நான் கேட்ட அந்த ஒற்றை 'பீப்'பைத் தன்னார்வலர்கள் வைத்துத் தந்திருக்கிறார்கள். இன்னொரு வகையான உபுண்டுவில் ஆல்ட் + சூப்பர் (விண்டோஸ் விசைதான்) + எஸ் அழுத்தினால் ஓர்கா திரைவாசிப்பான் வரும். ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆஃபீஸும் அதில் நன்றாகவே படிக்கின்றன. ஆனால் தமிழுக்குக் கைக்கெட்டும் குரல் ஈஸ்பீக்தான். நாள் முழுக்கத் தமிழ் படிக்கிற எனக்கு அது காதுவலி. ஆங்கிலத்திலேயே வேலை பார்க்கிறவர்கள் தாராளமாக முயலலாம்.

மேக்கில் 2005-இன் டைகர் பதிப்பிலிருந்தே வாய்ஸ்ஓவர் என்கிற திரைவாசிப்பான் உள்ளேயே இருக்கிறது. கமாண்ட் + எஃப்5 அழுத்தினால் மீட்புத் திரையில்கூடப் பேசும். விலையும், விரல்களுக்குப் பழகிய எல்லாக் கட்டளைகளையும் புதிதாகக் கற்பதும்தான் தடை.

தகுதியில்லாத கணினியில் ரூஃபஸ் என்கிற மென்பொருள் மூலம் நிபந்தனைகளைத் தாண்டி விண்டோஸ் 11 போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அப்படிப்பட்ட கணினிகளுக்கு அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஓர் அப்டேட் பாதியில் முறிந்தால் பார்வையுள்ளவர் பிழைச்செய்தியைப் படித்துச் சமாளிப்பார். நமக்கு மறுபடியும் அந்த அமைதி.

என் வீட்டில் இரண்டு கணினிகள். வேலைக்கானதில் மேலேயே ஏற்றி விண்டோஸ் 11 ஓடுகிறது. இன்னொன்று 6-ஆம் தலைமுறை ஐ5. அதற்குப் பதினொன்று கிடையாது. அதை நீட்டிக்கப்பட்ட அப்டேட்டில் சேர்த்துவிட்டு, பக்கத்தில் டெபியன் பென்டிரைவ் ஒன்றைத் தயாராக வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் யுஎஸ்பி ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஓர்காவின் கட்டளைகளை ஒவ்வொன்றாகப் பழகிவருகிறேன்.