இரும்புப் போட்டில் சாட்டிலைட் காம்பஸ்: நான்கு வருட அனுபவம்

போட்டு ஓடாமல் கிடக்கும்போது அதன் அணியம் (முன்முனை) எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. ஆழ்கடலில் தூண்டில் வலித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்), ஒன்றரை நாட் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருப்போம். கடல் வரைபடம் காட்டும் பிளாட்டர் திரையில் நம் போட்டின் படம் இப்போது வடக்கே பார்க்கும், அரை நிமிடத்தில் தென்மேற்கே திரும்பிவிடும். போட்டு என்னவோ அப்படியேதான் கிடக்கும். ஜிபிஎஸ் காட்டுவது நாம் நகர்ந்த திசையை. அணியத்தின் திசையைச் சொல்ல வேறு ஒன்று வேண்டும். அந்த வேலைக்காகத்தான் சாட்டிலைட் காம்பஸ் வாங்கினேன். 2021 மீன்பிடித் தடைக்காலத்தில் மாட்டியது, இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்பதால் நல்லது கெட்டது எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

எங்கள் போட்டு 70 அடி, முழுக்க இரும்பு. குமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள், தங்கி ஓடுவது கொச்சியிலிருந்து. கேரையும் (சூரை வகை) சுறாவும்தான் முக்கியமான மீன். ஒரு தடவை போனால் முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் கரை.

மரப் போட்டு இருந்த காலத்தில் காந்தக் காம்பஸ் ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை. நம் கடலில் காந்த வடக்குக்கும் உண்மையான வடக்குக்கும் இடையே ஏறத்தாழ இரண்டு டிகிரிதான் வித்தியாசம். அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள். இரும்புக்கு மாறிய பிறகுதான் சிக்கல். போட்டே ஒரு பெரிய காந்தமாகிவிடுகிறது. அதிலும் பிழை எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருந்தால் கழித்துக்கொள்ளலாம். அப்படி இருக்காது. எங்கள் போட்டில் வடக்கே போகும்போது 3 டிகிரி, மேற்கே போகும்போது 9 டிகிரி. காம்பஸ் சரிசெய்பவரை அழைத்து, காயலில் போட்டை வட்டமாகச் சுற்றி, திருத்தும் காந்தங்களை வைத்துச் சரிசெய்தோம். அடுத்த வருடம் வீல் ஹவுஸுக்குப் பின்னால் ஒரு சட்டம் வெல்டிங் செய்தோம், பழைய கதைக்கே திரும்பிவிட்டது. தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோ பைலட்டுக்கு இருந்த எலெக்ட்ரானிக் காம்பஸும் காந்தத்தை நம்புவதுதான் என்பதால் அதற்கும் இதே கதி.

சாட்டிலைட் காம்பஸுக்குக் காந்தத்தோடு எந்த உறவும் இல்லை. குடை போன்ற ஒரு மூடிக்குள் இரண்டோ அதற்கு மேலோ ஆன்டனாக்கள் குறிப்பிட்ட இடைவெளியில் இருக்கும். ஒரே சாட்டிலைட்டின் அலை ஒன்றுக்கு முன்னதாகவும் மற்றொன்றுக்குக் கொஞ்சம் பிந்தியும் வந்து சேரும். அந்த அலையின் நீளம் சுமார் 19 சென்டிமீட்டர். அதில் எவ்வளவு பங்கு முந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து, ஆன்டனாக்கள் நிற்கும் கோட்டின் திசையைக் கணக்கிடுகிறது. எங்களுடையதில் துல்லியம் அரை டிகிரி என்று போட்டிருக்கிறார்கள். ஆன்டனாக்களின் இடைவெளி கூடக் கூடத் துல்லியமும் கூடும், விலையும் கூடும். மீன்பிடிப் போட்டுக்கு அரை டிகிரி தாராளம். கம்பி, பிராக்கெட், கூலி எல்லாம் சேர்த்து எனக்கு ஒன்றே முக்கால் லட்சம் ஆனது.

மாட்டியதில் நாங்கள் செய்த தவறுகளைக் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் இரண்டு மாதம் இதைக் கழற்றி எறியலாமா என்றுகூட நினைத்தேன். முதல் தவறு இடம். வசதியாக இருக்கிறதே என்று வீல் ஹவுஸ் கூரையில், பாய்மரக் கம்பத்துக்கு ஒரு முழம் தள்ளி வைத்தோம். கம்பம் வானத்தில் ஒரு பக்கத்தை மறைத்தது. கூரையின் இரும்புத் தகட்டில் பட்டுத் தெறித்த அலையும் சேர்ந்து குழப்பியது. ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை அலாரம் அடித்துத் திசை மறைந்துபோகும். பிறகு தனிக் குழாய் வைத்து நாலடி உயர்த்தினோம். ரேடார் சுழலும் மட்டத்துக்கு நேராக வராமலும், சாட்டிலைட் போன் ஆன்டனாவிலிருந்து முடிந்த அளவு தள்ளியும் வைத்தோம். அந்தப் போன் அனுப்பும் அலைவரிசை ஜிபிஎஸ் அலைவரிசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அன்றோடு அந்த அலாரம் நின்றது.

அடுத்தது நேர்கோடு. குடையில் அணியத்தைக் காட்டும் குறி ஒன்று இருக்கும், அது போட்டின் நடுக்கோட்டோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். கண்ணால் பார்த்து வைத்ததில் கொஞ்சம் கோணல் விழுந்துவிட்டது. அணியத்திலிருந்து கடையால் (பின்முனை) வரை நைலான் நூல் இழுத்துக் கட்டி, அதற்கு நேராகத் திருப்பி வைத்தோம். அதற்கு மேல் காற்றில்லாத ஒரு விடியற்காலையில் காயலில் ஒரே கோட்டில் ஆறு நாட் வேகத்தில் போய், அதே கோட்டில் திரும்பி வந்து, காம்பஸ் காட்டிய திசையையும் ஜிபிஎஸ் காட்டிய பாதையையும் எழுதிக்கொண்டேன். போகும்போது நீரோட்டம் ஒரு பக்கம் தள்ளினால் வரும்போது மறுபக்கம் தள்ளும், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் மிஞ்சுவது மாட்டியதில் உள்ள பிழை. எங்களுக்கு ஒன்றரை டிகிரி வந்தது. அதை மெனுவில் போட்டுக் கழித்துவிட்டோம். ஆட்டோ பைலட் பழசு. அது தகவலை நொடிக்கு 4800 பிட் வேகத்தில் கேட்கும், புதுக் கருவி 38400 வேகத்தில் பேசியது. இரண்டும் பேசிக்கொள்ளாத காரணத்தைக் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் போனது. வாங்கும் முன்பு உங்கள் பைலட்டின் புத்தகத்தைப் பாருங்கள்.

எங்கள் ஸ்ராங்கு (போட்டை ஓட்டும் தலைவர்) எனக்கு மாமா முறை. முப்பது வருடத்துக்கு மேல் கடல் கண்டவர். முதல் டிசம்பரில் ஒரு நாள் அந்தி மயங்கியதும், ஒரே வரிசையில் நிற்கும் அந்த மூன்று வெள்ளி (நட்சத்திரம்) கிழக்கே கடலிலிருந்து எழும்பும் நேரம் பார்த்து, அணியத்தை அதற்கு நேராகத் திருப்பச் சொன்னார். அந்த மூன்று வெள்ளியும் எழும் இடம் கிட்டத்தட்டச் சரியான கிழக்கு. திரையில் 91 என்று காட்டியது, சரியான கிழக்கு 90. “பொட்டி சொல்லுதது சரிதான் மக்ளே. ஆனா மாசத்துக்கு ஒருக்கா வெள்ளியக் கேட்டுக்கோ” என்றார். நான் இன்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதன் உண்மையான மதிப்பு எனக்குத் தெரிந்தது ரேடாரில்தான். மினிக்காய்க்கு வடக்கே ஒன்பது டிகிரிக் கால்வாய்ப் பக்கம் தூண்டில் விட்டவர்களுக்கு அங்கே கப்பல் போக்குவரத்து எப்படி இருக்கும் என்று தெரியும். ரேடார் கப்பலைக் காட்டுவது நம் அணியத்திலிருந்து இத்தனை டிகிரி என்ற கணக்கில். அணியத்தின் திசை 5 டிகிரி தப்பாக இருந்தால், 6 மைலில் வரும் கப்பல் அரை மைல் தள்ளித் தெரியும். முன்பெல்லாம் திரையில் ஒரு கப்பல் இரண்டாகத் தெரியும். கப்பல் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏஐஎஸ் கருவியின் முக்கோணம் ஓரிடத்தில், ரேடார் புள்ளி அதற்குப் பக்கத்தில். இரண்டும் ஒரே கப்பலா, பின்னால் வேறொன்று வருகிறதா என்று இருட்டில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்போம். அலையில் அணியம் ஆடினால் கப்பல் போகும் திசையைத் திரையில் காட்டும் வேகக் கோடும் சேர்ந்து ஆடும். அது நம்மைத் தாண்டிப் போகுமா, மேலே வருமா என்பதே பிடிபடாது.

2022 பிப்ரவரியில் ஒரு ராத்திரி இரண்டு மணி இருக்கும். பாதித் தூண்டில் வலித்தாகிவிட்டது, மீதி தண்ணீருக்குள் கிடக்கிறது. மேற்கிலிருந்து ஒரு கப்பல், அதற்குப் பின்னால் இன்னொன்று. போட்டை ஓட்டி விலக வேண்டுமென்றால் தூண்டிலை அறுத்துவிட வேண்டியதுதான். திரையில் முக்கோணமும் புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன, கோடு ஆடவில்லை. முதல் கப்பல் முக்கால் மைல் தெற்கே போகும், இரண்டாவது ஒன்றரை மைல் என்று தெளிவாகக் காட்டியது. விஎச்எஃப் ரேடியோவில் கூப்பிட்டுச் சொன்னோம், விளக்குகளைப் போட்டோம், வலிப்பதை நிறுத்தாமல் கண்ணை எடுக்காமல் பார்த்திருந்தோம். காட்டியபடியே போயின. அந்தச் செலவுக்கு நான் அன்றைக்கே கணக்குத் தீர்த்துவிட்டேன்.

நீவாடு (நீரோட்டம்) பார்க்கவும் உதவுகிறது. அணியம் ஒரு பக்கம், போட்டு போகும் பாதை வேறு பக்கம் என்று திரையில் இரண்டு கோடு தெரியும். இடையில் விரியும் கோணத்தைப் பார்த்தே காற்றும் நீவாடும் எவ்வளவு இழுக்கின்றன, விட்ட தூண்டில் விடியும்போது எங்கே போய்க் கிடக்கும் என்று ஓரளவு கணிக்கலாம். ஆட்டோ பைலட் பாம்புபோல வளைந்து போவது நின்றது. டீசல் மிச்சமா என்று கேட்பவர்களுக்கு: மூன்று வருடக் கணக்கு நோட்டில் இருக்கிறது, கொஞ்சம் குறைந்தும் இருக்கிறது. ஆனால் அதே காலத்தில் புரொப்பெல்லரும் மாற்றினோம், எனவே அந்தப் பெருமையை இதற்குக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

இனி குறைகள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போது மின்னழுத்தம் இறங்கினால் கருவி அணைந்து மறுபடி எழும்பும். திசை வர ஒன்றரை இரண்டு நிமிடம். தனி பேட்டரி கொடுத்ததும் சரியானது. கேபிள் இணைப்பில் உப்பு ஏறி மூன்றாம் வருடம் ஒரு நடை முழுக்கத் தகராறு. தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை முதல் நாளே சுற்றியிருந்தால் அது நடந்திருக்காது.

இன்னொன்று நம் கடலுக்கே உரியது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனைக்குப் பக்கத்தில் போகிறது. தும்பா மீனவ கிராமத்தில் ராக்கெட் தளம் அமைத்து 1963 நவம்பரில் முதல் ராக்கெட்டை விட்டதற்குக் காரணமே அதுதான். அந்தக் கோட்டையொட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு மேல்வானில் ஒரு கொந்தளிப்பு உண்டாகி, சாட்டிலைட் அலைகள் விளக்குச் சுடர்போலத் துடிக்கும். மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர், அக்டோபரிலும் அதிகம். சூரியன் உக்கிரமாக இருக்கும் வருடங்களில் இன்னும் அதிகம், 2024 அப்படிப்பட்ட வருடம். அந்த மார்ச்சில் மூன்று ராத்திரி, எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், திசை சில நிமிடம் மறைந்து மறைந்து வந்தது. கருவிக்குள் இருக்கும் கைரோ (திரும்புவதை உணரும் பாகம்) கொஞ்ச நேரம் தாங்கும், அதற்கு மேல் தாங்காது. அதனால் காந்தக் காம்பஸை எடுத்துவிடாதீர்கள். கரண்ட் இல்லாமல் வேலை செய்வது அது ஒன்றுதான்.

இதை அரசு கொடுக்கும் டிரான்ஸ்பாண்டரோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். டிரான்ஸ்பாண்டர் கரையோடு செய்தி பரிமாறிக்கொள்ளும். காம்பஸ் யாருக்கும் எதையும் சொல்லாது. 2017இல் ஓக்கிப் புயல் வந்தபோது எங்கள் கடற்கரையில் எத்தனை வீட்டு ஆட்கள் திரும்பி வரவில்லை. அவர்களுக்கு அன்று தேவைப்பட்டது கரையிலிருந்து ஒரு வார்த்தை. கையில் பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் முதலில் தகவல் தொடர்பு, அப்புறம் ஏஐஎஸ், நல்ல ரேடார். அதெல்லாம் இருந்து, இரும்புப் போட்டாகவும் இருந்து, கப்பல் வழியில் ராத்திரி தங்கித் தொழில் செய்கிறீர்கள் என்றால் இதை வாங்குங்கள். காலையில் போய் மாலையில் திரும்பும் ஃபைபர் வள்ளத்துக்கு இது வேண்டாம்.

வருகிற தடைக்காலத்தில் கேபிளை முழுவதும் மாற்றப்போகிறேன். காந்தக் காம்பஸைத் திருத்தவும் ஆள் சொல்லியாகிவிட்டது.