மோகமுள்ளா, என் சரித்திரமா?

கும்பகோணத்தைப் புத்தகத்தின் வழியே அறிய விரும்புவோர் தி. ஜானகிராமனின் மோகமுள் நாவலை முதலில் எடுப்பதா, உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான என் சரித்திரத்தை எடுப்பதா என்று என்னிடம் கேட்பதுண்டு. மேட்டூர் திறப்புக்காக ஊரே காத்திருந்த இந்தக் கோடையில் இரண்டையும் மறுபடி வாசித்தேன்.

வேகம்: மோகமுள்ளை எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. என் சரித்திரம் 122 அத்தியாயங்கள் கொண்டது. நாளுக்கு இரண்டு மூன்றாகப் படிப்பதே சுகம்.

மொழி: ஜானகிராமனின் உரையாடல்களில் தஞ்சாவூர்ப் பேச்சு அப்படியே காதில் விழுகிறது. ஐயரின் நடை தெளிவானது என்றாலும், இடையில் வரும் பழம்பாடல்களுக்கு நிதானம் வேண்டும்.

ஊர்: நாவலில் தெருக்களும் காவிரிக்கரையும் நாயகன் பாபுவின் தவிப்போடும், ரங்கண்ணாவிடம் அவன் பயிலும் சங்கீதத்தோடும் கலந்துவிடுகின்றன. தன்வரலாற்றிலோ, 1880இல் குடந்தைக்கு முன்சீபாக, அதாவது உரிமையியல் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்கே இளம் தமிழாசிரியராக இருந்த ஐயர் தாம் படித்ததாக அடுக்கிய அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கேட்டுச் சற்றும் வியக்காமல், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று விசாரிக்கும் இடத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். 1887இல் அச்சேறிய ஐயரின் சிந்தாமணிப் பதிப்பின் விதை அங்கேதான் விழுந்தது.

முடிவு: 1942இல் ஆசிரியர் மறைந்ததால் என் சரித்திரம் நிறைவு பெறாமல் நிற்பது எனக்குத் தீராத மனக்குறை.

ரயில் பயணத்துக்கும் இசைப் பிரியர்களுக்கும் மோகமுள் பொருந்தும். வீட்டில் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட என் சரித்திரம். ஒன்றுதான் வாங்க இயலும் என்பவருக்கு இரண்டாவதையே சொல்வேன்.