பாயிங்க், ஃபோல்டிங் அட் ஹோம்: ஓய்ந்திருக்கும் கணினியை எதற்குத் தருவது?

நம் கணினி ஓய்ந்திருக்கும் நேரத்தில் அதன் திறனை இணையம்வழி அறிவியல் கணக்கீடுகளுக்குத் தர உதவும் மென்பொருள்கள் பாயிங்க்கும் ஃபோல்டிங் அட் ஹோமும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவான பாயிங்க், எல்ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தில் தன் மூலநிரலைத் திறந்து வைத்திருப்பதுடன், புரத ஆய்வு முதல் பல்சர் எனும் வேகமாகச் சுழலும் விண்மீன்களின் தேடல் வரை விரும்பிய திட்டத்தை நாமே தேர்ந்துகொள்ளவும் இடமளிக்கிறது. அதன் திட்டங்கள் பலவற்றில் ஒரே வேலை இரு கணினிகளுக்கு அனுப்பப்பட்டு விடைகள் ஒப்பிடப்படுவதால், யாரேனும் நிரலை மாற்றித் தவறான விடை அனுப்பினாலும் பிடிபட்டுவிடும்.

2000-இல் ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய ஃபோல்டிங் அட் ஹோம், நோய்களைப் புரிந்துகொள்வதற்காகப் புரதங்களின் மடிப்பையும் அசைவையும் மட்டுமே ஆராய்கிறது. முடிவுகளின் நம்பகத்தன்மையைக் காரணம் காட்டி நெடுங்காலம் நிரலை மூடியே வைத்திருந்ததால், தன்னைச் சேர்த்துக்கொள்ளும் நிரலும் திறந்திருக்க வேண்டும் என்ற உரிமத்தில் அப்போது இருந்த, மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் கட்டற்ற மென்பொருளான குரோமாக்ஸைப் பயன்படுத்த அதற்குத் தனி அனுமதி தேவைப்பட்டது. எட்டாம் பதிப்பின் கிளையன்ட், அதாவது நாம் நிறுவும் நிரல், ஜிபிஎல் என்னும் கட்டற்ற உரிமத்தில் வந்திருப்பது மனநிறைவு தருகிறது.

மின்கட்டணம் செலுத்துபவருக்குத் தம் கணினியில் ஓடும் நிரலைப் படிக்கும் உரிமை வேண்டும் என்பதால், அதை முன்பே தந்த பாயிங்க்தான் என் பரிந்துரை. திறன்மிக்க கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்து, நோய் ஆய்வுக்கே உதவ விரும்புவோர் மற்றதைத் தயங்காமல் நிறுவலாம்.